ஒன்பது வருடம் படமில்லாத ராஜா

என் வீட்டுக்காரர் ரங்கெல் யாரையும் "சிரிங்க" என்று சொல்லிப் படம் எடுத்ததில்லை. கேமராவைக் கண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு, "பக்கத்துத் தோட்டத்துல இந்த வருஷம் எத்தனை கூடை திராட்சை இறங்குச்சாம்?" என்று கேட்பார். அவ்வளவுதான். எதிரே நிற்பவரின் கண் விரியும், கழுத்து நிமிரும், உதடு கோணும், முகத்தில் உயிர் வந்து உட்காரும். எங்கள் விரோவோ ஊரில் எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் படத்தில் இருப்பவர்கள் அத்தனை துடிப்பாக இருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் அதை எங்கள் ஒயினின் குணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை, வெறும் பொறாமை.

வாரத்தில் ஆறு நாள் அவர் கூட்டுறவு ஒயின் ஆலையில் பீப்பாய் கழுவுகிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டோகிராபர். ராணுவத்தில் இருந்தபோது பக்கத்துக் கட்டில்காரனிடம் ஒரு ரஷ்யக் கேமரா இருந்திருக்கிறது. ஊரிலிருந்து தன் அம்மா அனுப்பிய ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை ஒயினைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். அந்த ஒயினை அவருடைய அம்மா எங்கள் அப்பாவிடம் வாங்கியிருந்தார் என்பது கல்யாணம் ஆன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இருபது வயதில் யாரோ ஒரு சிப்பாய் எங்கள் வீட்டு ஒயினைக் குடித்துவிட்டு எனக்கு இந்தத் தலைவலியைக் கொடுத்திருக்கிறான்.

கறுப்பு வெள்ளைப் படங்களை அவரே கழுவுவார். வீட்டுக்கு அடியிலுள்ள பீப்பாய் அறைதான் அவருடைய இருட்டறை. இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே பலகை போட்டு, சிவப்பு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, மருந்துத் தட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உள்ளே கிடப்பார். எங்கள் வீட்டு ஒயினில் மருந்து வாடை அடிக்கிறது என்று ஊரில் சிலர் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே இரண்டாவது டம்ளர் கேட்பார்கள்.

கல்யாணமான முதல் வருடம், விருந்தாளிக்கு ஒயின் எடுக்கப் போன நான் தட்டாமல் கதவைத் திறந்துவிட்டேன். மேயர் வீட்டுக் குழந்தையின் ஞானஸ்நானப் படம் அத்தனையும் ஒரே நொடியில் கரியாகிப் போனது. ரங்கெல் நேராக மேயர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி, குழந்தைக்கு மறுபடியும் கவுன் மாட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். தப்பு என்னுடையது என்பதால் உண்மை அவர் வாயில் சுலபமாக வந்தது. அன்றிலிருந்து, வெளிச்சம் பட்டால் படம் போச்சு என்பது விரோவோவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பிற்பாடு அவர் சொன்ன பொய்யை ஊர் அப்படியே விழுங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொய்யைச் சொல்லுமுன் ராஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி பதினாலு, புனித டிரிஃபோன் திருநாள். அன்று ஆண்கள் மேளத்தோடு மலைச்சரிவுத் தோட்டங்களுக்கு ஏறிப்போய் முதல் கொடியை வெட்டிக் கவாத்து செய்வார்கள். பெண்கள் அன்று மேலே போகக்கூடாது. நாங்கள் ரொட்டி சுட்டு, கோழிக்குள் அரிசி அடைத்து வேகவைத்துக் கொடுத்தனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்போம். போன அறுவடையில் யாருடைய கொடி அதிகம் காய்த்ததோ அவர்தான் அந்த வருடத்து ராஜா. வெட்டிய கொடிக்குச்சிகளையே வளைத்து முடியாக்கி அவர் தலையில் வைத்து, தோளில் தூக்கிக்கொண்டு ஊருக்குள் இறங்குவார்கள். அந்தக் கோலத்தில் ரங்கெல் எடுக்கும் படம் வாசகசாலை மண்டபத்துச் சுவரில் ஏறும். கட்சித் தலைவர்களின் படங்கள் அங்கே எத்தனையோ தடவை ஏறி இறங்கிவிட்டன. கொடி ராஜாக்களை மட்டும் யாரும் தொட்டதில்லை. அதனால்தான் எங்கள் ஊரில் சுவரில் ஏறாத ராஜாவை ராஜா என்றே யாரும் சேர்த்துக்கொள்வதில்லை.

தொண்ணூற்று நான்காம் வருடத்து ராஜா லாம்பி. எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர், ரங்கெலைவிட நாலு வயது மூத்தவர், குள்ளமான மனிதர், ரோஷம் மட்டும் நல்ல உயரம். அவருடைய தோட்டம் கல்லுச்சரிவில் இருக்கிறது. மண்வெட்டி போட்டால் தீப்பொறி பறக்கும். அந்தச் சரிவிலிருந்து ஒருவர் ராஜா ஆனது அதுதான் முதல் தடவை. முந்தைய கோடை முழுக்கத் தண்ணீரை முதுகில் சுமந்து ஏறியவர் என்று ஊருக்கே தெரியும் என்பதால் யாரும் முணுமுணுக்கவில்லை. ராஜா இனிமேல் கலரில் இருக்கட்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவான முதல் வருடமும் அதுதான். கலர் படத்தைப் பீப்பாய்களுக்கு நடுவே கழுவ முடியாது. டவுனில் எமில் என்பவர் வைத்திருந்த லேபுக்குக் கொண்டுபோக வேண்டும்.

அன்று மேலே நடந்ததை நான் பார்க்கவில்லை, ஆனால் கண்ணை மூடினால் தெரிகிறது. ஒவ்வொருவரும் தன் தோட்டத்தில் மூன்று குச்சியை வெட்டி, வெட்டிய இடத்தில் ஒயின் ஊற்றுவார்கள். குடுவையில் மிச்சம் இருப்பதைப் பக்கத்தில் நிற்பவர் குடிக்க வேண்டும், வேண்டாம் என்றால் கொடிக்கு ஆகாது. எல்லாத் தோட்டத்திலும் வெட்டுகிறவருக்குப் பக்கத்தில் நிற்பவர் யார்? போட்டோகிராபர். அன்று மொத்தம் பதினேழு தோட்டம். பதினேழாவதில் முதல் ரோல் தீர்ந்திருக்கிறது. அதைக் கழற்றிப் பையில் போட்டார், யாரோ குடுவையை நீட்டினார்கள், குடித்தார், கேமராவின் முதுகை மூடினார். புது ரோல் கோட்டுப் பையிலேயே இருந்துவிட்டது. அதற்குப் பிறகு லாம்பிக்கு முடி சூட்டியதையும் தோளில் தூக்கியதையும் வாசகசாலை வாசலில் இறக்கியதையும் காலிக் கேமராவில் எடுத்துத் தள்ளியிருக்கிறார்.

மறுநாள் காலை கோட்டைத் துவைக்க எடுத்தேன். பையில் பிரிக்காத பிலிம் டப்பா. நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது அவர் வாசலில் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். இப்போதே போய்ச் சொல்லிவிடு, லாம்பியின் கொடிமுடி இன்னும் அவிழ்ந்திருக்காது, அரை மணி நேர வேலை என்றேன். போகவில்லை. இருபது வருடமாக ஒரு படம்கூட என் கையில் கெட்டதில்லை என்று மார்தட்டிக்கொண்டிருந்தவர், குடித்துவிட்டு ராஜாவைத் தவறவிட்டேன் என்று எப்படிச் சொல்வார்? முதல் ரோலை மட்டும் எடுத்துக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறினார். வெள்ளிக்கிழமை படங்களை வாங்கி வந்து, இரண்டு ரோலில் ஒன்று நன்றாக வந்திருக்கிறது, இன்னொன்றில் லேப்காரன் வெளிச்சத்தை விட்டுவிட்டான் என்று ஊரில் சொன்னார். மறுபடியும் எடுக்கலாமே என்று சிலர் சொன்னார்கள், திருநாள் முடிந்த பிறகு வேஷம் கட்டி நிற்க மாட்டேன் என்று லாம்பி ரோஷத்தில் மறுத்துவிட்டார்.

"ஏன்யா, முன்னப்பின்ன தெரியாத மனுஷன் தலையில போட்டுட்டு வந்திருக்கியே?" என்று கேட்டேன்.

"டவுன்காரன்தானே. இந்த ஊருக்கு அவன் எதுக்கு வரப்போறான்?" என்றார்.

நானும் வாயை மூடிக்கொண்டேன். அதில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை.

மே மாதம் லாம்பியின் சரிவில் மட்டும் ஆலங்கட்டி மழை அடித்துத் தீர்த்தது. அதற்குப் பிறகு அவர் ராஜா ஆகவே இல்லை. வாசகசாலைச் சுவரில் தொண்ணூற்று மூன்றும் தொண்ணூற்று ஐந்தும் தொங்க, நடுவில் முன்கூட்டியே அடித்து வைத்த ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஊர் சும்மா இருக்குமா? ஆணி ராஜா என்று பேர் வைத்துவிட்டது. லாம்பி சாராயக்கடைக்குள் நுழைந்தால், ராஜா வருகிறார், படத்தை மட்டும் வீட்டில் மறந்துவிட்டார் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவார். கோபம் முழுவதும் எமில் மேல் போனது. டவுனுக்குப் போனால் எமிலின் கடைத் தெருவை விட்டுவிட்டுச் சந்தையைச் சுற்றிக்கொண்டு போவார். அடையாள அட்டைக்குப் படம் வேண்டும் என்றபோது, அந்த ஆளிடம் எடுக்க மாட்டேன் என்று இரண்டு பஸ் மாறி இன்னொரு ஊருக்குப் போனார். எமிலுக்கு வைத்திருந்த வசவுகளை இங்கே எழுத முடியாது, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் யாராவது இதைப் படிக்கலாம். ஒவ்வொரு தடவையும் ரங்கெல் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டு இருந்தார். வீட்டுக்கு வந்ததும் சாப்பிட மாட்டார்.

இப்படி ஒன்பது வருடம்.

லாம்பிக்கு ஒரே பெண், நெவேனா. அப்பாவின் ரோஷமும் அம்மாவின் உயரமும் சேர்ந்த பெண். டவுனில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்து தினம் பஸ்ஸில் போய்வந்தாள். ரங்கெலுக்கு வசதியாகப் போயிற்று. போகிற வழிதானே என்று பிலிம் கவர்களை அவளிடமே கொடுத்து லேபில் போடச் சொல்வார். அப்பாவிடம் சொல்லாதே என்றும் சொல்வார். அவளும் சொல்லவில்லை. லேபில் கவரை வாங்கிக்கொள்பவன் எமிலின் மகன் பிளாமென் என்பதையும், மூன்றாம் வருடத்திலிருந்து கவர் இல்லாத நாட்களிலும் அவள் அந்தக் கடைக்குப் போனாள் என்பதையும் அவள் எங்களிடமும் சொல்லவில்லை. பையன் நல்ல பையன். கொஞ்சம் கூச்சம், காது பெரியது, பெண்ணைப் பார்த்தால் கவரை எண்ணத் தெரியாமல் எண்ணிக்கொண்டே இருப்பானாம்.

இரண்டாயிரத்து மூன்று ஜூனில் நெவேனா வீட்டில் சொன்னாள். லாம்பி கத்தவில்லை என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார், அதுதான் பயமாக இருந்ததாம். "என் ஆயுசுக்கு ஒரு நாள் ராஜாவா இருந்தேன். அந்த ஒரு நாளைக் கருக்கினவன் வீட்டுல என் பொண்ணு விளக்கேத்த மாட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் நெவேனா என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். பிளாமெனுக்கு ஸ்பெயினில் வேலை கிடைத்திருக்கிறது, அவளுக்கும் அங்கே ஆஸ்பத்திரியில் கிடைக்கும்.

"அறுவடை வரைக்கும் பாப்பேன் சித்தி. அப்பா ஒத்துக்கலைன்னா டவுன்ல பதிவு பண்ணிட்டுக் கிளம்பிடுவோம். அப்புறம் இந்த ஊருக்கு என்ன மூஞ்சியோட வருவேன், சொல்லுங்க?"

அழவில்லை. கத்தரிக்காயை எடுத்து எனக்காக நறுக்கிக்கொண்டே சொன்னாள். அவள் போன பிறகு அத்தனை கத்தரிக்காயும் பொடிப்பொடியாகக் கிடந்ததைப் பார்த்து நான்தான் அழுதேன்.

அன்று சாயங்காலமே டவுனிலிருந்து எமில் போன் செய்தார். பெண் கேட்டு வர விரும்புகிறார்களாம். இரண்டு வீட்டுக்கும் தெரிந்த மனிதர் நீங்கள்தான், நீங்களே குடுவை தூக்கி வரவேண்டும் என்று ரங்கெலிடம் கேட்டுக்கொண்டார். எங்கள் பக்கம் பெண் கேட்டுப் போகும்போது தூதுவர் மரக்குடுவையில் ஒயின் கொண்டுபோவார். பெண்ணின் அப்பா அதை வாங்கிக் குடித்தால் சம்மதம், மேஜையில் வைத்துவிட்டால் இல்லை. ரங்கெல் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சொல்லிடு" என்றேன்.

"சொன்னா அப்புறம் எவன் தன் வீட்டுக் கல்யாணத்தை என் கையில குடுப்பான்? காலி டப்பாவை வச்சு ஊரை ஏமாத்தினவன்னு சொல்ல மாட்டானா?"

"சொல்லத்தான் செய்வான். அவன் சொல்றது பொய்யா?"

அவருக்குக் கேமராவைத் தவிர வேறு பெருமை இல்லை. பீப்பாய் கழுவுகிறவரை யாரும் தேடி வரமாட்டார்கள், போட்டோகிராபரைத்தான் வாசலில் வந்து கூப்பிடுவார்கள். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கத்தரிக்காய் என் கண்ணிலேயே நின்றது. "நீ சொல்லலைன்னா நான் சொல்வேன்" என்றேன். முப்பது வருடக் குடித்தனத்தில் நான் அவரை மிரட்டியது அந்த ஒரு தடவைதான். சரி, மூன்று தடவை இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். எமில், அவர் மனைவி, பிளாமென், குடுவையோடு ரங்கெல், ரொட்டியோடு நான். எமிலை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. விளக்குக்கம்பம் மாதிரி உயரம், மெலிந்த ஆள், வாசலில் குனிந்துதான் நுழைந்தார். லாம்பி வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னார், அதுவும் ரொட்டியைப் பார்த்துச் சொன்னார். நெவேனா அடுப்போரமாக நின்றாள். ரங்கெல் குடுவையை நீட்டினார். லாம்பி அதை வாங்கினார், அப்படியே மேஜையில் வைத்தார்.

ரங்கெல் தொப்பியைக் கழற்றினார்.

"அண்ணே, உன் படத்தை இவர் கெடுக்கல. கெடுக்கப் படமே இல்ல. அன்னிக்கு கேமராவுல பிலிம் போட மறந்துட்டேன், குடிச்சிருந்தேன். மறுநாள் தெரிஞ்சும் சொல்லல. ஒன்பது வருஷமா உன் பக்கத்துல உக்காந்து பொய்யனா இருந்திருக்கேன்."

"எனக்கும் தெரியும் அண்ணே" என்றேன் நான்.

லாம்பி ரங்கெலைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அன்னிக்கு என்னை எத்தனை தடவை, 'ராஜா, இன்னும் கொஞ்சம் நிமிருங்க'ன்னு சொன்ன?"

"ஒரு பத்துப் பதினஞ்சு தடவை இருக்கும்."

"கழுத்து சுளுக்கி மூணு நாள் படுத்திருந்தேன்டா. காலி டப்பாவுக்காகவா?"

அடுப்போரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. நெவேனா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவள் அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. பிளாமென் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் காது வரைக்கும் சிவந்து நின்றான். லாம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவர் எமில் பக்கம் திரும்பினார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப் பொத்தானைப் பார்த்தார். உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும்" என்றார் எமில். "அன்னிக்கு இவர் கொண்டுவந்தது ஒரே ஒரு ரோல். ஒண்ணு வரைக்கும் எனக்கு எண்ணத் தெரியும்."

ரங்கெல் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு எமில் சாதாரணமாகச் சொன்னார். சொன்னால் ஒரு கிராமத்துப் போட்டோகிராபரின் பேர் கெடும், சொல்லாவிட்டால் தன் மேல் ஒரு ஆளுக்குக் கோபம், அவ்வளவுதானே என்று விட்டுவிட்டாராம். பிறகு பிள்ளைகள் விஷயம் வந்தபோது, இப்போது சொன்னால் மகனுக்காகப் பொய் சொல்கிறான் என்றுதானே நினைப்பீர்கள் என்று தயங்கினாராம். "அதான் இவரையே குடுவை தூக்கச் சொன்னேன். எத்தனை நாள்தான் ஒரு மனுஷன் அதைச் சுமப்பார்?"

லாம்பி எழுந்தார். குடுவையை எடுத்தார். குடிப்பார் என்றுதான் நான் நினைத்தேன். அதைக் கொண்டுபோய் சாமிப் படத்துப் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டு, "முதல்ல என் படம். அன்னிக்கு இருந்த அத்தனை பேரும், அதே கோட்டுல. மத்ததை அப்புறம் பாப்போம்" என்றார். அவருடைய மனைவி வாசலில் என்னிடம் சொன்னார்: அவர் 'அப்புறம் பாப்போம்' என்று சொல்லி எதையும் பார்த்ததாகச் சரித்திரமே இல்லை.

ரங்கெல் பயந்த மாதிரி ஊர் அவரைத் தள்ளிவைக்கவில்லை. சிரித்தே கொன்றது. சாராயக்கடையில் ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை. அந்த மாதம் ஒரு கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போனபோது, மாப்பிள்ளையின் தாய்மாமன் முதலில் கேமராவைத் திறந்து காட்டச் சொன்னார். ரங்கெல் திறந்து காட்டினார். பந்தி முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அவரும் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். அன்று ராத்திரி ஒன்பது வருடத்துக்குப் பிறகு முழுச் சாப்பாடு சாப்பிட்டார். எனக்கு எத்தனை சந்தோஷம் என்றால், பாத்திரம் கழுவும்போது பாட்டே பாடினேன்.

ஆனால் லாம்பி வீட்டில் ஒன்றும் நகரவில்லை. எமில் மேலிருந்த கோபம் போய்விட்டது, அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. குற்றம் செய்யாத மனிதரை ஒன்பது வருடம் அப்படித் திட்டியிருக்கிறார். அத்தனையும் பஸ் டிரைவர் மூலம் டவுன் வரைக்கும் போயிருக்கிறது. எமில் இரண்டு தடவை வந்து போனார். லாம்பி இரண்டு தடவையும் தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று பின்வாசலால் நழுவினார். கோபமாவது ஒரு நாள் வெடித்துத் தீரும், இந்த வெட்கம் தீராது சித்தி என்றாள் நெவேனா. ஸ்பெயினுக்கு பஸ் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, அக்டோபர் இருபதாம் தேதி.

அறுவடையின் கடைசி நாள், அக்டோபர் பன்னிரண்டு, படத்துக்குக் குறித்தார்கள். எங்கள் ஊரில் அக்டோபர் வெயில் லேசுப்பட்டதில்லை. பிப்ரவரியில் போட்ட ஆட்டுத்தோல் கோட்டுகளையே போட்டுக்கொண்டு நாற்பது ஆண்கள் கல்லுச்சரிவில் ஏறினார்கள். பாதிப் பேருக்குப் பொத்தான் எட்டவில்லை. மேளக்காரர் வியர்வையில் குச்சியைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார். அன்று இருந்தவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. ஒருவருக்குப் பதில் அவர் மகன் வந்தான். இன்னொருவருக்குப் பிள்ளை இல்லை. அவருடைய மனைவி தன் புருஷனின் கோட்டையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு வந்து வரிசையில் அவர் நின்ற இடத்தில் நின்றார். திருநாள் இல்லையே, பெண்கள் ஏறினால் என்ன என்று யாரும் கேட்கக்கூட இல்லை. அவரைத் தொடர்ந்து நாங்கள் எல்லோருமே ஏறிவிட்டோம். நான் அந்தச் சரிவில் மேளத்தோடு நடந்தது அன்றுதான். காற்றில் பிழிந்த திராட்சையின் வாசனை, எல்லார் கையும் ஊதா நிறம், எல்லாருக்கும் வாய் கொள்ளாத சிரிப்பு.

பிப்ரவரியில் வெறும் குச்சியில்தான் முடி செய்ய முடியும். இப்போது கொடியில் இலை சிவந்திருந்தது, பறிக்காமல் விட்ட குலைகளும் இருந்தன. அத்தனையும் சேர்த்துக் கட்டி லாம்பியின் தலையில் வைத்தபோது பாரத்தில் அவர் காது மடங்கியது. அவருக்கு முகம் மட்டும் சரியாக வரவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் எமில் நிற்பதைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு கண்ணைக் கல்லிலேயே வைத்திருந்தார்.

அப்போதுதான் அவர் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். தூக்குவதற்கு நாலைந்து இளவட்டங்கள் முன்னால் வந்தார்கள். கையை ஆட்டி அவர்களை விலக்கிவிட்டு, "ரங்கெல், நீ தூக்கு. என் மேல ஏத்தின பாரத்தை நீயே சும" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பக்கம் அவர் வரட்டும்" என்றார்.

ரங்கெல் தூக்கினால் படம் யார் எடுப்பது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் என் கையில் கேமராவைக் கொடுத்து, எங்கே அழுத்த வேண்டும் என்று மூன்று தடவை காட்டினார். முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்றேன்.

எமில் கோட்டைக் கழற்றிவிட்டு வந்தார். இரண்டு பேரும் குனிந்து லாம்பியைத் தோளில் ஏற்றி எழுந்தார்கள். எழுந்ததும் ராஜா சாய்ந்துவிட்டார். எமில் அத்தனை உயரம், ரங்கெல் அவர் கக்கத்துக்குத்தான் வருவார். கூட்டம் ஐயோ என்றது. லாம்பி விழாமலிருக்க எமிலின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். பிடித்த கை பிடித்தபடியே, முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார். நான் கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு அது ரொம்பக் கிட்டத்தில் தெரிந்தது. உதடு இரண்டு தடவை அசைந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாவது தடவை வந்தது.

"சம்பந்தி, கொஞ்சம் குனிஞ்சு நடங்க. உங்க பக்கம் மேடா இருக்கு."

மேளம் நின்றுவிட்டது. நெவேனா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எமில் குனியவில்லை. அப்படியே நின்று, தலைமுடி லாம்பியின் கையில் இருக்க, அண்ணாந்து அவரைப் பார்த்தார். அவர் கண் நிரம்பிவிட்டது. அப்போது நான் அழுத்தினேன்.

அந்தப் படம்தான் இப்போது வாசகசாலைச் சுவரில் இருக்கிறது. ராஜா கோணலாக இருக்கிறார், ரங்கெலின் முகம் பாதிதான் தெரிகிறது, நாற்பது பேரும் எமிலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ராஜாவை யாருமே பார்க்கவில்லை. லாம்பிக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.